ட்ரோலிங்கர் ஒயினும் மதுரைச் சமையலும்

ட்ரோலிங்கர் என்பது தென்மேற்கு ஜெர்மனியின் வுர்ட்டெம்பெர்க் பகுதியில் பயிராகும் ஒரு கருந்திராட்சை இரகம். அதிலிருந்து எடுக்கப்படும் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர் வழங்குகிறது. வெளிறிய சிவப்பு நிறம், குறைந்த துவர்ப்பு, தெளிவான புளிப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். உலகச் சந்தையில் இதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. விளையும் ஊர்க்காரர்களே பெரும்பகுதியைக் குடித்துவிடுகிறார்கள்.

மதுரை வட்டாரத்தவர் இந்தத் திராட்சையைக் கவனிக்க இரண்டு காரணங்கள் உள்ளன. கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து மதுரைச் சந்தைக்கு வரும் பன்னீர் திராட்சை இதன் நேரடி வாரிசு. மேலும், ஒயின் அறிந்தவர்கள் ட்ரோலிங்கரின் குறையாகச் சொல்லும் மெலிந்த தன்மையே காரமும் புளியும் எண்ணெயும் நிறைந்த மதுரைச் சமையலோடு அதைப் பொருந்த வைக்கிறது.

பெயரும் பரம்பரையும்

ட்ரோலிங்கர் என்ற பெயர் ஆல்ப்ஸ் மலையின் டிரோல் பகுதியிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. இன்று இத்தாலிக்குள் இருக்கும் தெற்கு டிரோலில் இதே திராட்சையை ஸ்கியாவா குரோசா என்றும், அங்குள்ள ஜெர்மன் மொழியினர் குரோஸ்ஃபெர்னாட்ஷ் என்றும் அழைக்கிறார்கள். இங்கிலாந்தில் இதற்குப் பெயர் பிளாக் ஹாம்பர்க். இலண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1760களின் இறுதியில் நடப்பட்டு இன்றும் காய்க்கும் புகழ்பெற்ற பெருங்கொடி இந்த இரகம்தான். அங்கே இதை ஒயினாக்குவதில்லை, பழமாகவே விற்கிறார்கள். பெரிய மணிகளும் நிறைந்த சாறும் கொண்ட இந்தத் திராட்சை உண்பதற்கும் ஏற்றது என்பதால், குளிர்நாடுகளில் கண்ணாடிக் கூடங்களுக்குள் இதைப் பழத்துக்காக வளர்த்தார்கள்.

அப்படியொரு ஆங்கிலேயத் தோட்டத்தில்தான் அடுத்த தலைமுறை பிறந்தது. பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ரெஸ்ட் பார்க் மாளிகையின் தோட்டக்காரர் சீவர்ட் ஸ்னோ, 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிளாக் ஹாம்பர்க்கையும் அலெக்சாந்திரியா மஸ்கட்டையும் இணைத்து மஸ்கட் ஹாம்பர்க் என்ற புதிய இரகத்தை உருவாக்கினார். பின்னாளைய மரபணு ஆய்வுகளும் இந்தப் பெற்றோரையே உறுதிசெய்தன. ஒரு பக்கத்திலிருந்து கருநிறமும் பெரிய மணியும் வந்தன. மஸ்கட் பக்கத்திலிருந்து மணம் வந்தது. ரோஜாவின் மணத்துக்குக் காரணமான ஜெரானியால் மஸ்கட் திராட்சைகளிலும் உண்டு. தமிழ்நாட்டில் இதற்குப் பன்னீர் திராட்சை என்றும், இந்தியாவின் வேறு பகுதிகளில் குலாபி என்றும் பெயர் வைத்தவர்கள் மூக்கை நம்பியே வைத்திருக்கிறார்கள்.

ஜெர்மனியிலும் ட்ரோலிங்கரின் பரம்பரை பெரியது. வைன்ஸ்பெர்க் ஆராய்ச்சி நிலையத்தில் ஆகஸ்ட் ஹெரோல்ட் 1929இல் ட்ரோலிங்கரையும் ரீஸ்லிங்கையும் கலந்து கெர்னர் என்ற வெள்ளைத் திராட்சையை உருவாக்கினார். அவரே 1955இல் உருவாக்கிய டோர்ன்ஃபெல்டர், ட்ரோலிங்கரின் பேரப்பிள்ளை. நிறம் வெளிறிய ஒரு பாட்டனுக்கு, மைபோல் கறுத்த ஒயின் தரும் பேரன்.

விளையும் நிலம்

வுர்ட்டெம்பெர்க்கின் திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் ஸ்டுட்கார்ட், ஹைல்பிரான் நகரங்களைச் சுற்றி, நெக்கர் ஆற்றின் கரைகளில் அமைந்தவை. முண்டல்ஸ்ஹைம் போன்ற ஊர்களில் ஆற்றை நோக்கிச் சரியும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில், காரையில்லாமல் அடுக்கிய கற்சுவர்கள் தாங்கும் படிக்கட்டு நிலங்களில் ட்ரோலிங்கர் நிற்கிறது. இது தாமதமாகப் பழுக்கும் இரகம். பகலில் சூடேறிய கற்சுவர்கள் மாலையிலும் வெப்பம் வீசாவிட்டால் அக்டோபரில் புளித்த காயாகவே நின்றுவிடும். இந்தச் சரிவுகளில் இயந்திரம் ஏறாது. மருந்தடிப்பு முதல் அறுவடை வரை கைவேலை. ஒயினுக்குக் கிடைக்கும் விலையோ குறைவு. அதனால் பரப்பு சுருங்கி வருகிறது. இப்போது ஏறத்தாழ 2,000 எக்டேர் அளவில் உள்ளது. அநேகமாக முழுவதும் வுர்ட்டெம்பெர்க்கில்தான்.

அங்கே இதற்கு இருப்பது ஊர்ப்பாசம். கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளையில் கால் லிட்டர் ஊற்றிக் குடிப்பது வழக்கம். ஹைல்பிரானில் நடக்கும் மாரத்தான் ஓட்டத்துக்கே ட்ரோலிங்கர் மாரத்தான் என்றுதான் பெயர்.

‘ட்ரை’ என்றால் என்ன?

தமிழ்நாட்டில் ‘ட்ரை டே’ என்றால் மதுக்கடை அடைத்த நாள். ‘ட்ரை’ என்றால் குழம்பில்லாத வறுவல். ஒயினில் அந்தச் சொல்லுக்கு இனிப்பு இல்லாதது என்பது பொருள். திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சாராயமாக மாற்றுகின்றன. சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் மாறிவிட்டால் அது இனிப்பற்ற ஒயின். ஜெர்மன் புட்டிகளில் இதை ட்ரோக்கன் என்று குறிப்பார்கள். ஐரோப்பிய விதிப்படி, அவ்வாறு எழுத ஒரு லிட்டரில் எஞ்சிய சர்க்கரை 4 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரை அனுமதி உண்டு. ஹால்ப்ட்ரோக்கன் என்றால் பாதி இனிப்பற்றது. ட்ரோலிங்கர் இரண்டு வகையிலும் கிடைக்கும் என்பதால் புட்டியின் முகப்பைப் படித்து வாங்க வேண்டியுள்ளது.

சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருபவை. ட்ரோலிங்கரின் மணி பெரியது. சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு குறைவு. எனவே நிறமும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் குறைவாகவே இறங்கும். வுர்ட்டெம்பெர்க்கில் பல ஆலைகள் நசுக்கிய பழத்தைச் சூடாக்கி நிறத்தை இழுத்தெடுக்கின்றன. அந்த முறையில் நிறம் வருமே தவிர, துவர்ப்பு அதிகம் ஏறாது. சாராய அளவும் பெரும்பாலும் 11 முதல் 12.5 சதவீதத்துக்குள் நிற்கும். மற்ற சிவப்பு ஒயின்களைப் போல அறைவெப்பத்தில் வைக்காமல், சற்றே குளிர்வித்து 14 டிகிரி செல்சியஸ் அளவில் பரிமாறுகிறார்கள்.

சொந்த ஊரில் எதனோடு உண்கிறார்கள்?

வுர்ட்டெம்பெர்க் சமையல் விருந்துச் சமையல் அல்ல, உழைப்பாளிகளின் சாப்பாடு. கறியும் கீரையும் வெங்காயமும் பொதிந்து வேகவைக்கும் மவுல்டாஷன் என்ற மாவுப்பொதிகள், கையால் சீவிய ஸ்பெட்ஸ்லே மாவுத்துண்டுகளோடு பருப்பும் தொத்திறைச்சியும், வறுத்த வெங்காயத்தை மேலே குவித்த மாட்டிறைச்சி வறுவல், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பன்றி இறைச்சித் துண்டுகளும் அடங்கிய மாலைத்தட்டு ஆகியவை ட்ரோலிங்கரின் வழக்கமான துணைகள். திராட்சை விவசாயிகளே ஆண்டில் சில வாரங்கள் தம் வீட்டையோ கொட்டகையையோ உணவகமாக்கி, வாசலில் ஒரு துடைப்பத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். துடைப்பம் தொங்கினால் உள்ளே இந்த ஆண்டு ஒயினும் சுடுசோறும் உண்டு என்று பொருள்.

பருப்பு, வெங்காயம், கொழுப்புள்ள இறைச்சி, பலகாரம் போன்ற மாவுப் பண்டம்: இந்தப் பட்டியலில் மிளகாயையும் புளியையும் சேர்த்தால் மதுரை வந்துவிடும். ஆனால் ஒயினுக்குச் சிக்கல் தருபவையும் அந்த இரண்டே.

காரமும் புளியும் ஒயினை என்ன செய்கின்றன?

மிளகாயின் காப்சைசின் நாவில் சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. சாராயமும் அதே முனைகளின் உணர்திறனைக் கூட்டுகிறது. அதனால் 14, 15 சதவீதச் சாராயமுள்ள கனத்த ஒயின் காரத்தை அணைக்காது. எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்டதுபோலாகும். டானின் வேறொரு வழியில் தொல்லை தரும். அது உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு ஒட்டி வாயை வறளச் செய்கிறது. காரத்தால் ஏற்கெனவே எரியும் வாயில் அந்த வறட்சி இன்னும் உறுத்தும். விலை உயர்ந்த, கருஞ்சிவப்பான ஒயினைக் காரசாரமான அசைவச் சாப்பாட்டோடு திறந்தவர்கள் ஏமாறுவது இதனால்தான். குறைந்த சாராயமும் குறைந்த டானினும் கொண்டு, குளிர்வித்துக் குடிக்கத்தக்க சிவப்பு ஒயின் இந்த இரண்டு தொல்லைகளிலிருந்தும் தப்புகிறது. மிகுந்த காரமென்றால் ஹால்ப்ட்ரோக்கனே மேல். சிறிதளவு சர்க்கரை எரிச்சலைத் தணிக்கும்.

புளியின் கதை வேறு. உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிட மேலோங்கினால் ஒயின் தண்ணீர்போல் சப்பென்று தெரியும். ஆகவே புளிக்குழம்பின் முன் நிற்க ஒயினுக்கும் புளிப்பு வேண்டும். இதில் ஒரு வியப்பான ஒற்றுமை உண்டு. பெரும்பாலான பழங்களின் முதன்மை அமிலங்கள் சிட்ரிக்கும் மாலிக்கும்தான். டார்டாரிக் அமிலத்தை மிகுதியாகச் சேர்க்கும் பழங்கள் சிலவே. அவற்றில் திராட்சை ஒன்று, புளி மற்றொன்று. குழம்பில் கரைத்த புளியும் குவளையில் ஊற்றிய ஒயினும் ஒரே அமிலத்தால் புளிக்கின்றன. புளிப்பு தெளிவாக உள்ள ட்ரோலிங்கர் புளிக்குழம்போடு முரண்படாமல் நிற்க இது உதவுகிறது.

உப்பு ஒயினின் துவர்ப்பையும் கசப்பையும் மட்டுப்படுத்தும். கொழுப்பு புளிப்பை வட்டமாக்கும். புளிப்பு பதிலுக்குக் கொழுப்பின் பிசுக்கை நாவிலிருந்து வழிக்கும். வறுத்த பண்டத்தின் மேல் எலுமிச்சை பிழிவதும் இதே காரியம்தான்.

மதுரைத் தட்டில்

மதுரையில் உணவோடு ஒயின் அருந்தும் வழக்கம் இன்று கிடையாது. இங்கே மது பெரும்பாலும் சாப்பாட்டுக்கு முன்னால், சாப்பாட்டிலிருந்து விலகி அருந்தப்படுகிறது. ஆனால் வெளிநாட்டுத் திராட்சை மது பாண்டிய நாட்டுக்குப் புதிதல்ல. பாண்டியன் நன்மாறனைப் பாடிய புறநானூற்றின் 56ஆம் பாடல், யவனர் மரக்கலங்களில் கொண்டுவந்த மதுவைக் குறிப்பிடுகிறது. வைகை முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் ஒயின் கொண்டுவரப் பயன்பட்ட ரோமானியச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்துள்ளன. ஜெர்மனியில் படிக்கவும் பணிபுரியவும் செல்லும் தமிழர்களின் வீடுகளில், ஊர்ச் சமையலும் அந்நாட்டு ஒயினும் ஒரே மேசையில் வருவது இப்போது இயல்பாகிவிட்டது. மேலே சொன்ன விதிகளைத் தட்டில் வைத்துப் பார்க்கலாம்.

சிம்மக்கல் பகுதியில் பெயர்பெற்ற கறி தோசை நல்ல தொடக்கம். தடித்த தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் மசாலாவில் வெந்த ஆட்டுக்கறி. மாவின் புளிப்பும் முட்டையும் காரத்தைத் தாங்கிக்கொள்கின்றன. எண்ணெயை ஒயினின் புளிப்பு கவனித்துக்கொள்ளும். மவுல்டாஷனுக்கு மிக நெருங்கிய உறவினர் இதுவே என்று சொன்னால் மிகையாகாது. கோலா உருண்டையும் அப்படித்தான்: பொட்டுக்கடலையும் கொத்துக்கறியும் சேர்த்துப் பொரித்த உருண்டைக்குக் குளிர்ந்த ட்ரோலிங்கர் எளிய, தவறாத துணை.

மட்டன் சுக்காவில் காரம் பெரிதும் மிளகிலிருந்து வந்தால் பொருத்தம் கூடும். மிளகின் காரம் மிளகாயைப்போல் நெடுநேரம் நிற்பதில்லை. அதன் வாசனை சிவப்பு ஒயினோடு சேரக்கூடியது. காய்ந்த மிளகாய் மேலோங்கிய எண்ணெய்ச் சுக்காவுக்கு ஹால்ப்ட்ரோக்கன் தேவைப்படும். சால்னாவில் ஊறிய பரோட்டா இடைப்பட்டது. பரோட்டாவின் மைதாவும் எண்ணெயும் சால்னாவின் கூர்மையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

அயிரை மீன் குழம்பில்தான் சோதனை. கண்மாய்களிலும் ஆற்றிலும் பிடித்த விரல்நீளமில்லாத அயிரையை உயிரோடு வாங்கி, பாலிலோ தேங்காய்ப்பாலிலோ நீந்தவிட்டு மண்ணைக் கக்கவைத்து, முழுமீனாகப் புளிக்குழம்பில் போடுவார்கள். புளிப்பு ஒத்துப்போகும். ஆனால் மீனும் சிவப்பு ஒயினும் சேர்ந்தால் சில நேரம் உலோகம்போன்ற பின்சுவை எழும். ஒயினிலுள்ள இரும்பு இதற்குக் காரணமென ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினர். கடல்மீனில் இது கூடுதலாகத் தெரியும். இந்தக் குழம்புக்கு ட்ரோலிங்கரிலிருந்தே எடுக்கும் இளஞ்சிவப்பு ஒயின் பாதுகாப்பான தேர்வு.

சைவத்தில் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு முதலிடம் பெறும்: புளி, நல்லெண்ணெய், சின்ன வெங்காயம் மூன்றும் ஒருங்கே இருக்கின்றன. நெய் மிதக்கும் வெண்பொங்கலும் மெதுவடையும் ஒத்துப்போகும். இட்லிக்கு வைக்கும் பச்சைமிளகாய்ச் சட்னி எந்த ஒயினையும் வாயடைத்துவிடும்.

ஜிகர்தண்டாவை ஒயினோடு சேர்க்கவே கூடாது. பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் நாவில் நின்ற பிறகு இனிப்பற்ற ஒயின் காடிபோல் புளிக்கும். குடிக்கும் பண்டம் எதுவானாலும் உணவைவிட இனிப்புக் குறைந்திருந்தால் இதே கதிதான்.

ஆட்டுக்குடல், ஈரல், இரத்தப்பொரியல் போன்ற கனத்த உணவுகளுக்கு ட்ரோலிங்கர் போதாது. அங்கே அதே வுர்ட்டெம்பெர்க்கின் லெம்பெர்கர் பொருந்தும்; நிறமும் துவர்ப்பும் மிளகு வாசமும் கூடியது. இரண்டையும் கலந்த ட்ரோலிங்கர்–லெம்பெர்கர் ஒயினும் அங்கே பரவலாக உண்டு. ஜெர்மனியில் மிகுதியாகப் பயிராகும் கருந்திராட்சையான ஷ்பேட்பர்குண்டர், அதாவது பினோ நுவார், நாட்டுக்கோழிக்கும் காளானுக்கும் ஏற்றது. ஆனால் நல்ல புட்டியின் விலைக்கு அதன் மென்மையான மணத்தை மசாலாவில் மூழ்கடிப்பது வீண்.

கம்பத்தின் பன்னீர் திராட்சை

இத்தனைக்கும் நடுவே, ட்ரோலிங்கரின் வாரிசு மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், முன்பு மதுரை மாவட்டமாக இருந்த இன்றைய தேனி மாவட்டத்தின் பந்தல்களில் தொங்குகிறது. கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் முல்லைப்பெரியாற்று நீரில் விளையும் இந்தத் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பன்னீர் திராட்சை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் தமிழ்நாட்டுக்கு வந்தது என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. ஆனால் மஸ்கட் ஹாம்பர்க் இரகமே இங்கிலாந்தில் 1850 அளவில்தான் பதிவாகிறது. 1832ஐ இந்த வட்டாரத்தில் திராட்சைச் சாகுபடி தொடங்கிய ஆண்டாகக் கொள்வதே பொருத்தம்; இந்த இரகம் அதற்குப் பின்னரே வந்திருக்க வேண்டும்.

நெக்கர் கரையில் குளிர்காலம் கொடியை உறங்கவைக்கிறது. ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் கொடி உறங்குவதில்லை. கவாத்து செய்யும் நாளே அறுவடை நாளை முடிவுசெய்கிறது. ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் பழம் இருக்கும். அந்த வசதியே சிக்கலும் ஆகிறது. மெல்லிய தோல், நிறைந்த சாறு, விதை. பறித்த பழம் நெடுநாள் தாங்காது; தொலைதூரச் சந்தைக்கும் உலர்திராட்சைக்கும் ஏற்றதல்ல. மழையில் மணிகள் வெடித்தாலோ, ஒரே நேரத்தில் வரத்து குவிந்தாலோ, கிடைத்த விலைக்குக் கொடுத்தாக வேண்டும். சாறாகவோ ஒயினாகவோ மாற்றும் ஆலைகள் வேண்டுமென்ற கோரிக்கை விவசாயிகளிடம் நெடுநாளாக இருப்பது இதனால்தான். உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் தயாரிப்பது 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். 2003 முதல் மாநிலத்தில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் உள்ளது. ஆகவே இது தோட்டக்காரர் தனியே தீர்த்துக்கொள்ளக்கூடிய விஷயமல்ல.

பன்னீர் திராட்சையிலிருந்து ட்ரோலிங்கர் போன்ற இனிப்பற்ற சிவப்பு ஒயின் எடுப்பதிலும் ஒரு தடை உண்டு. மஸ்கட் மணத்தை முகரும் மூக்கு இனிப்பை எதிர்பார்க்கிறது. இனிப்பு இல்லாதபோது நாக்குக்குக் கசப்பு மட்டும் எஞ்சியதுபோல் தோன்றும். சீனாவின் தியான்ஜின் நகரில் 1980இல் பிரெஞ்சுக் கூட்டுடன் தொடங்கிய டைனஸ்டி நிறுவனம் இதே மஸ்கட் ஹாம்பர்க்கை வேறு வழியில் கையாண்டது. கருந்திராட்சையைப் பிழிந்தவுடன் தோலை நீக்கிவிட்டு, சிறிதளவு இனிப்போடு வெள்ளை ஒயின் தயாரித்தது. தோல் போனதால் துவர்ப்பில்லை. மணம் மட்டும் தங்கியது. காரமான குழம்புக்கு முன்னால் வைக்க, ஏட்டளவில், ட்ரோலிங்கரைவிடவும் அது பொருத்தமானது.